தலைவர் வந்துகொண்டே இருக்கிறார்

எந்தக் காதுண்ணே உங்களுக்குக் கேக்காது? வலதா? அப்ப எந்திரிச்சு இந்தப் பக்கம் உக்காந்துக்கங்க. இடது காதை எங்கிட்டக் குடுங்க. நான் சத்தமாப் பேசக் கூடாது. சத்தமா என்ன, பேசவே கூடாது. டாக்டர் உத்தரவு. தொண்டைக்குள்ள ரெண்டு பக்கமும் முடிச்சு விழுந்திருக்காம். கேமராவ உள்ள விட்டு டிவியில காட்டினார். ஏதோ புழு நெளியற மாதிரி இருந்துச்சு. இதுக்கா ஊரெல்லாம் போஸ்டர் அடிச்சாங்கன்னு எனக்கே சங்கடமாப் போச்சு. ரெண்டு வாரம் மௌனம், இல்லேன்னா கத்தி வெக்கணும்னுட்டார். அதான் மெதுவாப் பேசறேன்.

என் மக கீழ மருந்துக் கடைக்குப் போயிருக்கா. போறப்ப இந்த போனைக் கையில குடுத்து, யாருக்கு என்ன சொல்லணும்னாலும் டைப் அடிச்சுக் காட்டுப்பான்னுட்டுப் போனா. நான் ஒரு வணக்கம் அடிச்சு முடிக்கறதுக்குள்ள எதிர்ல உக்காந்திருந்த ஆளு உள்ள போயி ஊசி போட்டுட்டு வெளிய வந்துட்டான். மனுசனுக்கு வாய் எதுக்கு இருக்கு?

என்னையத் தெரியலையா? சன்னாசிண்ணே. இடிமுழக்கம் சன்னாசி. கட்சி பேரு வேணாம், டாக்டர் எந்தக் கட்சின்னு தெரியாது, உள்ள போயி நாக்க நீட்டணும். முப்பது வருசமா மேடையில இருக்கேன். கடைசியாப் பேசற ஆளு இல்லண்ணே, அது தலைவர். நான் அவர் வர்ற வரைக்கும் பேசற ஆளு. ஆறு மணிக் கூட்டம்னு நோட்டீஸ் அடிப்போம். தலைவர் ஒம்போதுக்கு வருவார், ஒம்போதரைக்கு வருவார். நடுவுல கூட்டம் கலையாம இருக்கணும்ல? பந்தியில சாம்பார் வர்ற வரைக்கும் அப்பளத்தக் கடிச்சிக்கிட்டு இருப்பமே, அந்த அப்பளம் நான்.

அதுக்கு ஒரு வாக்கியம் இருக்கு. "தலைவர் வந்துகொண்டே இருக்கிறார்." அப்பப்ப சொல்லணும். சொல்றப்ப ரோட்டுப் பக்கம் கையக் காட்டணும். சனம் பூராத் திரும்பிப் பாக்கும். எந்திரிச்சவனும் உக்காந்துருவான். தலைவர் அப்ப எங்க இருப்பார்னா, குளிச்சுக்கிட்டு இருப்பார். அது நமக்கெதுக்கு? மத்த நேரமெல்லாம் முழங்க வேண்டியதுதான். நான் முழங்க ஆரம்பிச்சா பாதிக் கூட்டம் டீக்கடைக்குப் போயிரும்ணே. அவ்வளவு உணர்ச்சி. கேக்கறவனுக்குத் தொண்டை காயாதா?

மகளுக்குப் பேரு மணிமொழி. தலைவர் வெச்ச பேரு. பேரு வெக்க இன்னைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்னு அவர் வந்து சேர்றதுக்குள்ள பிள்ள குப்புற விழுந்து, தவழ ஆரம்பிச்சிருச்சு. அதுவரைக்கும் பாப்பா பாப்பான்னு கூப்பிட்டோம். இன்னைக்கு வரைக்கும் எம் பொண்டாட்டி பாண்டியம்மா பாப்பான்னுதான் கூப்பிடுவா.

அந்தப் பிள்ள காலேஜ்ல விஸ்காம் சேந்துச்சு. டிவி, ரேடியோ, சினிமா, அந்தப் படிப்பு. சரி, காலம் அப்பிடின்னு விட்டேன். மூணாவது வருசத்துல குரல் பயிற்சின்னு ஒரு பாடம் வந்துச்சுண்ணே. பேசறதுக்குப் பாடம். எங்க வீட்டுல பொறந்த பிள்ளைக்கு. மீன்குஞ்சுக்கு எதுக்குடி நீச்சல் வாத்தியார்னு கேட்டேன். அவ ஒண்ணும் சொல்லலை. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. எங்க வீட்டுல பேசறதுக்கு நான் இருக்கேன்ல.

மறுநா விடிகாலையில "ம்ம்ம்ம்"னு ஒரு சத்தம். பாண்டியம்மா கிரைண்டரை யாரோ போட்டு விட்டுட்டாங்கன்னு அடுப்படிக்கு ஓடுறா. பாத்தா இவ செவுத்தப் பாத்து நின்னு வாயை மூடிக்கிட்டு முனகுறா. உதடு அதிரணுமாம், மூக்கு அதிரணுமாம். அப்புறம் ஒரு நாள் தரையில மல்லாக்கப் படுத்து வயித்து மேல எங்க மாநாட்டு மலரத் தூக்கி வெச்சிருக்கா. தடிப் புஸ்தகம், பூரா விளம்பரம். மூச்ச இழுத்தா மலர் மேல போகணும், விட்டா கீழ வரணும், நெஞ்சு அசையக் கூடாதாம். அந்த மலர் அச்சடிச்ச நாள்லருந்து யாராவது கையில எடுத்தாங்கன்னா அன்னைக்குத்தான். இன்னொரு நாள் பல்லுக்கு நடுவுல பென்சிலக் கடிச்சிக்கிட்டு நியூஸ் பேப்பர் வாசிக்கிறா. எண்ணெய் விலைச் செய்தி. கேக்கறதுக்கு எண்ணெய்க் கொப்பரைக்குள்ள விழுந்தவன் பேசற மாதிரி இருந்துச்சு.

இதெல்லாம் ஆக்னஸ் மேடம்னு ஒருத்தங்க சொல்லிக் குடுக்கறது. அவங்க சொன்னா இவளுக்கு வேதம். ஒரு நா எங்கிட்டயே வந்து, "அப்பா, நீங்க தொண்டையில பேசறீங்க. வயித்துலருந்து பேசணும்"ங்கறா. நான் சொன்னேன், நான் முப்பது வருசமா வயித்துக்காகத்தாம்மா பேசறேன். அவ விடலை. "வாக்கியத்துக்கு நடுவுல நிறுத்தணும்பா. அது கேக்கறவங்களுக்கான நேரம்"ங்கறா. மேடையில நிறுத்தினா என்ன ஆகும்? எந்திரிச்சுப் போயிருவான். ஒண்ணு கை தட்டறதுக்கு நிறுத்தணும், இல்ல சோடாவுக்கு நிறுத்தணும். வேற எதுக்கும் நிறுத்தப்படாது. இதெல்லாம் ஆக்னஸ் மேடத்துக்குத் தெரியுமா?

ஆனா அவங்களும் நல்ல ரசனைக்காரங்கதான். என் பேச்சு ஒண்ண மணிமொழி போன்ல பிடிச்சு வகுப்புல போட்டுக் காட்டியிருக்கா. மேடம் அதக் கேட்டு வாங்கி வெச்சுக்கிட்டாங்களாம். புதுசாச் சேர்ற பிள்ளைங்களுக்கு முதல் வகுப்புல அதத்தான் போடறாங்களாம். பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்குதாம். நமக்கு நகைச்சுவை கொஞ்சம் தூக்கல், அது உண்மைதான்.

உங்க டோக்கன் கூப்பிட்டாங்களா? இல்லையா? சரி, இருங்க. டாக்டரும் தலைவர் மாதிரிதான். வந்துகொண்டே இருக்கிறார்.

இப்ப வார்டு எலெக்சன் வந்திருக்குல்ல. ஒரு மாசத்துக்கு முன்னாடி மாவட்டம் என்னையக் கூப்பிட்டு விட்டுச்சு. மாவட்டம்னா மாவட்டச் செயலாளர், நாங்க அப்பிடித்தான் சொல்றது. மாவட்டம் தூங்குது, மாவட்டம் இட்லி கேக்குதும்போம். போனா, "சன்னாசி, உன் வார்டுல தலைவர் கூட்டம் போட்டிருக்கேன். அவர் வர்றப்ப ஒரு நாற்காலி காலியா இருக்கக் கூடாது. நிறைஞ்ச கூட்டத்த அவர் கண்ணுல காட்டிரு. கவுன்சிலர் சீட்டு உனக்கு"ன்னுச்சு. முப்பது வருசம்ணே. எனக்குப் பின்னாடி கொடி பிடிச்சு வந்தவனெல்லாம் சேர்மன் ஆகி, ஜெயிலுக்கும் போயிட்டு வந்துட்டான். எனக்கு இந்த ஒரு சீட்டு. கண்ணுல தண்ணி வந்திருச்சு.

விடுவேனா? ஆட்டோவுல மைக்கக் கட்டி மூணு நாள் தெருத்தெருவா நானே போனேன். மணிமொழி சொன்னா, "அப்பா, ஒரு தரம் பதிவு பண்ணிப் போட்டுக்கங்க, தொண்டை போயிரும்." நான் கேக்கலை. கூட்டத்தன்னைக்குக் காலையில எந்திரிச்சுப் பாண்டியம்மாவக் கூப்பிடறேன், காத்துதான் வருது. அவ பாட்டுக்கு நிம்மதியாத் தோசை சுட்டுக்கிட்டு இருக்கா. மிளகு கடிச்சேன், பனங்கற்கண்டு, பச்ச முட்டை, எவனெவன் என்ன சொன்னானோ அத்தனையும் தின்னேன். வயிறுதான் பேசுச்சு.

சாயங்காலம் வேற வழியில்ல. மக முன்னாடி போயி ரெண்டு கையையும் கூப்பி நின்னேன். அவளுக்குப் புரிஞ்சு போச்சு. "எனக்குக் கட்சியெல்லாம் வேணாம்பா"ன்னா. அப்புறம் என்ன நெனச்சாளோ, "எனக்கு ஒரு செய்முறைத் தேர்வு பாக்கி இருக்கு. நம்மளக் கேக்கறதுக்குன்னு வராத கூட்டத்துக்கிட்டப் பேசிப் பதிவு பண்ணணும். இதையே பண்ணிக்கிறேன்"ன்னா. பேசற அழகுக்கு மார்க் இல்லையாம்ணே. கேட்டவங்க அதுக்கப்புறம் என்ன செஞ்சாங்களோ அதுக்குத்தான் மார்க்காம். இப்பிடி ஒரு பரீட்சை எங்களுக்கு வெச்சா நாட்டுல எவன் பாஸாவான்?

ஒரு தாள்ல அந்த ஒரே வாக்கியத்த எழுதிக் குடுத்தேன். தலைவர் வந்துகொண்டே இருக்கிறார். அவ வாசிச்சுட்டு, "எங்கப்பா வந்துக்கிட்டு இருக்கார்?"னா. நான் ரோட்டுப் பக்கம் கையக் காட்டினேன். அவ என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, நேரா மாவட்டத்துக்கிட்டப் போயி மரியாதையாக் கேட்டா. மாவட்டம் போன்ல வேற எவனையோ திட்டிக்கிட்டு இருந்துச்சு. திட்டற வேகத்துல, "ஒட்டன்சத்திரத்துல சாப்பிட உக்காந்துட்டார்மா, வர ஒம்போது ஆகும்"னு உண்மையச் சொல்லிருச்சு. கட்சியில உண்மை வெளிய வர்றது இப்பிடி கவனக்குறைவாத்தான்.

நான் மேடைக்குப் பின்னாடி ஜெனரேட்டர் பக்கத்துல உக்காந்திருந்தேன். அவ மைக்குக்கிட்டப் போனா. தட்டலை, ஊதலை, ஹலோ ஹலோங்கலை. கொஞ்ச நேரம் சும்மா நின்னா. பிள்ள மறந்துருச்சுன்னே நெனச்சேன். அங்க பாத்தா கூட்டம் ஒவ்வொருத்தனா வாயை மூடறான். நான் "அமைதி, அமைதி"ன்னு கத்திக் கத்தி ஒரு நாளும் நடக்காதது.

அப்புறம் பேசினா. "வணக்கம். தலைவர் இன்னும் புறப்படவில்லை. ஒட்டன்சத்திரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இங்கே வந்து சேர ஒன்பது மணி ஆகும். நீங்களும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். குழந்தைகளோடு வந்தவர்கள் முதலில் கிளம்புங்கள். மேற்குத் தெரு முனையில் சாக்கடை மூடி உடைந்திருக்கிறது. இருட்டில் பார்த்துப் போங்கள். நன்றி."

அவ்வளவுதான். போயி ஒரு ஓரமா உக்காந்துட்டா.

கூட்டம் எந்திரிச்சுச்சுண்ணே. தள்ளுமுள்ளு இல்ல, விசில் இல்ல. பிள்ள வெச்சிருந்தவங்க முதல்ல, அப்புறம் மத்தவங்க. பள்ளிக்கூடம் விட்டாப்ல வரிசையாப் போகுது சனம். மேற்குத் தெரு முனையில ஒருத்தன் நின்னு, "பாத்து, பாத்து"ன்னு டார்ச் அடிச்சு வழி காட்டுறான். யாரும் அவனுக்குச் சொல்லலை. மைதானத்துல மிச்சம் இருந்தது நாற்காலி, போலீஸ், ரெண்டு நாய். மாவட்டம் என் சட்டையப் பிடிச்சுருச்சு. பதில் சொல்லத் தொண்டை வேணுமே.

ஆனா உள்ளதச் சொல்றேன்ணே. அவ பேசறப்ப நான் அழுதுட்டேன். சீட்டு போச்சேன்னு இல்ல, அது அப்ப ஞாபகமே வரலை. எம் பொண்ணு குரல் அப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாது. இருபது வருசம் ஒரே வீடு. அவ பேசி நான் முழுசாக் கேட்டது அன்னைக்குத்தான், அதுவும் எனக்கு வாய் போனதால. அழுகையிலயும் சத்தம் வரலை, அது ஒரு நல்லதாப் போச்சு.

இதுல எவனோ ஒருத்தன் நேரலை போட்டுட்டான். அங்க ஒட்டன்சத்திரத்துல தலைவர் கையில சோறு. பக்கத்துல இருந்தவன் போனக் காட்டியிருக்கான். தான் சாப்பிடறது ஊருக்கே தெரிஞ்சு போச்சுன்னதும் மனுசன் பாதி இலையில எந்திரிச்சு, கையக் கழுவி, கார்ல ஏறிட்டார். ஒம்போதுக்குன்னவர் எட்டரைக்கே வந்து நிக்கறார். அவர் அரசியலுக்கு வந்த நாள்லருந்து இது முதல் தரம். எதிர்ல பூராக் காலி நாற்காலி.

நான் ஓடிப்போயி மைக்கப் பிடிச்சேன். "தலைவர்"னு வாயத் திறந்தா சைக்கிளுக்குக் காத்து இறங்கற சத்தம். மாவட்டம் தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்துருச்சு. மணிமொழி வந்து என் கையிலருந்து மைக்க வாங்கினா. பிடுங்கலை, வாங்கினா. அந்தக் குழாய் ஒலிபெருக்கி வார்டு பூராக் கேக்கும். "தலைவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். சாப்பிட்டு முடித்தவர்கள் வரலாம். முடிக்காதவர்கள் அவசரப்பட வேண்டாம். அவர் காத்திருப்பார்."

அவர் காத்திருப்பார்! யாரப் பாத்து? தலைவர் மூஞ்சியப் பாக்கணுமே. ஆனா என்ன செய்வார், மைக்ல சொல்லியாச்சு. துண்டச் சரி பண்ணிக்கிட்டுக் காத்திருந்தார். சனம் வந்துச்சுண்ணே. போனதுக்கு மேல வந்துச்சு. சும்மா வீட்டுல இருந்தவங்க, எங்க கட்சி மூஞ்சியிலயே முழிக்காதவங்க, ஏப்பம் விட்டுக்கிட்டு, பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு வந்து உக்காந்தாங்க. ஒரு நாற்காலி காலி இல்ல. தலைவர் பாதிச் சாப்பாட்டுல வந்தவர், பசியில சுருக்கமா முடிச்சிட்டார். சனம் ரொம்ப சந்தோசப்பட்டுச்சு.

நிறைஞ்ச கூட்டம் காட்டியாச்சு, சீட்டு வந்திருக்கணும்ல? மறு வாரம் பட்டியல் வந்துச்சு. மாவட்டத்தோட மச்சினனுக்கு. கேட்டா, "தலைவர் சாப்பிடறத மைக்ல சொன்ன குடும்பத்துக்குச் சீட்டா"ன்னு மாவட்டம் கேக்குது. சோறு திங்கறது அவ்வளவு ரகசியமா?

காலேஜ்ல மட்டும் முழு மார்க். ஆக்னஸ் மேடம் ரெண்டு தரம் போட்டுக் கேட்டாங்களாம், சொன்னா எந்திரிச்சுப் போகுது, சொன்னா திரும்பி வருதுன்னு. என் சீட்டுக்கு உலை வெச்சு இவ மார்க்கு வாங்கியிருக்கா.

இன்னொண்ணு கேளுங்க. மறுநாளே முனிசிபாலிட்டி ஆளு வந்து அந்தச் சாக்கடைக்கு மூடி போட்டுட்டான். நேரலைய ஊரே பாத்திருக்குல்ல. நானும் அந்தச் சாக்கடையப் பத்தி ஆறு வருசமா முழங்கியிருக்கேன். ஆனா சாக்கடை அரசியல், சாக்கடை அரசியல்னுதான் முழங்குவேன். எந்தத் தெரு முனைன்னு சொன்னதில்ல. சொல்லணும்னு தோணலை பாருங்க.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். முந்தாநாள் எங்க வார்டு சனம் வீட்டுக்கு வந்துச்சு. தையக்கடை பிச்சைமணி, மேற்குத் தெருப் பொம்பளைங்க அஞ்சாறு பேர். "சுயேச்சையா நில்லுங்க. நாங்க ஓட்டுப் போடறோம்"ங்கறாங்க. எனக்குப் புல்லரிச்சுருச்சு. கையக் கூப்பினேன். உடனே பிச்சைமணி, "ஆனா ஒரு நிபந்தனை"ங்கறான். என்னான்னு கையால கேட்டேன். "நீங்க பேசக் கூடாது. என்ன சொல்லணுமோ அத பாப்பா சொல்லட்டும். அது சொன்னா சரியா இருக்கும்"ங்கறான். அந்தப் பொம்பளைங்க அத்தனையும் தலைய ஆட்டுது. உள்ள பாண்டியம்மாவும் ஆட்டினா, நான் பாத்தேன்.

முப்பது வருசம் பேசிக் கிடைக்காதது பேசாம இருந்தாக் கிடைக்குங்கறான். அவமானம்தானே? ரெண்டு நா சாப்பாடு இறங்கலை. மணிமொழிகிட்ட டைப் அடிச்சுக் கேட்டேன், நீ என்ன சொல்றேன்னு. அவகிட்ட நான் அப்பிடிக் கேட்டதே அதுதான் முதல் தரம். அவ கொஞ்ச நேரம் சும்மா இருந்தா. அது கேக்கறவங்களுக்கான நேரம்னு அவதான் சொல்லியிருக்காளே, நானும் காத்திருந்தேன். அப்புறம் சொன்னா, "நில்லுங்கப்பா. ஆனா நான் உங்க பக்கத்துல நின்னு உண்மையத்தான் சொல்லுவேன். உங்களுக்குச் சம்மதமா?"

இங்க டாக்டரும் ஒரு பொண்ணுகிட்ட அனுப்பி விட்டார், குரலுக்குப் பயிற்சி குடுக்கறவங்களாம். போன வாரம் போனேன். தரையில மல்லாக்கப் படுங்கங்கறாங்க. வயித்து மேல புஸ்தகம். மூச்ச இழுங்க, விடுங்க. எங்க வீட்டுல சும்மா கிடைச்சத வேணாம்னுட்டு இங்க வந்து படுத்துக் கிடக்கேன். இப்ப வீட்டுலயும் அவ பக்கத்துல படுத்துச் செய்யறேன். மாநாட்டு மலர் ரெண்டு இருந்துச்சு, ஆளுக்கொண்ணு.

நாளைக்கு மனு தாக்கல். முடிவு பண்ணிட்டேன்ணே. மனுவக் குடுக்கறேன், வாயை மூடிக்கறேன். அதான் உங்களப் பாத்ததும் மனசுல இருந்ததையெல்லாம் மொத்தமாக் கொட்டிட்டேன். நான் பேசறது இதான் கடைசிக் கூட்டம்னு வெச்சுக்கங்க. நீங்க ஒரே ஆளுதான் கூட்டம். ஆனா கலையாம உக்காந்து கேட்டீங்க பாருங்க, முப்பது வருசத்துல இப்பிடி ஒரு கூட்டம் எனக்கு வாய்ச்சதில்ல. கும்பிடறேன்.

அய்யய்யோ, அதோ படியில ஏறி வர்றா. அந்த போனை எடுங்க, எடுங்க. நீங்க எனக்காக ஒரே ஒரு பொய் சொல்லணும்.

நானா? இல்லம்மா. நான் எங்கம்மா பேசினேன்? இந்த அண்ணன்தான் விடாமப் பேசிக்கிட்டே இருந்தார்.